பத்து நகமும் பளிச்!

அன்பும் குறும்பும் சரிபாதியாகக் கலந்த மைத்துனருக்கு,

உன் அத்தான் மிகுந்த மகிழ்ச்சியோடும் சற்றே நிமிர்ந்த தலையோடும் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, என் இரண்டு கைகள் ஆகிய நால்வரும் பரம சுகம். அங்கே நீயும் வீட்டில் எல்லாரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏதாவது குறை இருந்தால் எழுது, வருத்தப்படுகிறேன். இன்று மட்டும் வேண்டாம். இன்று எனக்கு வருத்தப்பட நேரமில்லை.

முதலில் இந்தத் தாளைத் திருப்பிப் பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார். எங்காவது கறை தெரிகிறதா? ஒரு விரல் தடமாவது? தெரியாது, மச்சான். போன கடிதத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்து, "என்ன அத்தான், படிச்ச மனுஷன் கைநாட்டு வெச்சு அனுப்பியிருக்கீங்க?" என்று சிரித்தாயே. அதோடு விட்டாயா? "இந்தக் கையோட நீங்க பேத்தியைத் தூக்கின மாதிரிதான்!" என்று வேறு சொன்னாய். அந்தச் சிரிப்பை இப்போது திருப்பி எடுத்துக்கொள். தூக்கிவிட்டேன். இன்று காலை, உன் அக்கா சாட்சியாக, இந்த இரண்டு கைகளாலும் தூக்கிவிட்டேன்!

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் உனக்கு இதன் அருமை புரியாது. பேத்தி பிறந்தபோது எனக்கு ஜலதோஷம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. பிறகு மாப்பிள்ளை மகளையும் குழந்தையையும் தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆக, உலகத்தில் எல்லாரும் தூக்கிய என் பேத்தியை நான் மட்டும் தூக்கவில்லை. பால்காரர்கூடத் தூக்கியிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று மகள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வாஷிங் மெஷின் படுத்தது. உன் அக்கா பொத்தானை அழுத்தினாள், அது 'உர்ர்ர்' என்று உறுமியது, உள்ளே எட்டிப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை, துணி காய்ந்தபடி கிடந்தது. "மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்றாள். நான் வீட்டில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது மெக்கானிக் எதற்கு? இன்ஷூரன்ஸ் ஆபீசில் எத்தனை டைப்ரைட்டரைக் கழற்றி மாட்டியிருப்பேன்! உறுமலைக் காது கொடுத்துக் கேட்ட மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, கோளாறு கியர் பெட்டியில்தான்.

பின்பக்க வராந்தாவில் அதைக் கவிழ்த்துப்போட்டு ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினேன். பெல்ட்டைத் தொட்டால் ரப்பர்த் தூள், பேரிங்கைத் தொட்டால் வருஷக்கணக்கில் ஊறிய கிரீஸ், கியர் பெட்டியைத் திறந்தால் உள்ளேயிருந்து தார் மாதிரி ஓர் எண்ணெய் நிதானமாக இறங்கி என் முழங்கை வரைக்கும் வந்து நலம் விசாரித்தது. நடுவில் மூக்கு அரித்தது, சொரிந்தேன். தாகம் எடுத்தது, ஃபிரிட்ஜைத் திறந்தேன். இருட்டியது, லைட்டைப் போட்டேன். நான் கை வைத்த இடமெல்லாம் உன் அக்கா ஈரத்துணியோடு பின்னாலேயே வந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்தச் சமயத்தில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் ஆசை ஆசையாகப் பேத்திக்கு டாட்டா காட்டினேன். அவ்வளவுதான், அந்தப் பக்கம் ஓர் அலறல். "அப்பா! அது என்ன கையா, கரிச்சட்டியா? துளி அழுக்கு இருந்தாலும் குழந்தையைத் தொட விடமாட்டேன். வந்ததும் நகத்தைப் பார்ப்பேன், சொல்லிட்டேன்!" அவள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் என்பது உனக்குத் தெரியும். டாக்டர்களையே கையைக் கழுவிவிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறவள். அப்பன் என்றா பார்ப்பாள்?

மச்சான், அதற்குப் பிறகு என் கைகளுக்கு நான் செய்த பணிவிடையை யாருக்கும் செய்ததில்லை. முதலில் குளிக்கிற சோப்பு. கை அப்படியே இருந்தது, சோப்பு மட்டும் கறுத்துவிட்டது. அதன் பிறகு அந்தச் சோப்பை உன் அக்கா என் பெயருக்கே எழுதிவைத்துவிட்டாள். அடுத்து பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். தோல் போயிற்று, கிரீஸ் போகவில்லை. பற்பசை போட்டுப் பார்த்தேன், கை குளுகுளுவென்று இருந்தது, வேறு பலன் இல்லை. சாப்பாட்டைக் கையால் தொடக்கூடாது என்று எனக்கு ஸ்பூன் கொடுக்கப்பட்டது. மாடி வீட்டு லாரி டிரைவரைக் கேட்டேன். "சார், தண்ணி படறதுக்கு முன்னாடியே சமையல் எண்ணெயும் சர்க்கரையும் போட்டுத் தேய்ச்சிருக்கணும். சரி, இப்பவாவது தேய்ங்க" என்றார். தேய்த்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், பாதி கறுப்பு இறங்கிவிட்டது. ஆனால் அந்த மகிழ்ச்சியில் சரியாகக் கழுவாமல் ஈஸிசேரில் கண்ணயர்ந்துவிட்டேன். வீட்டிலுள்ள எறும்புகளெல்லாம் குடும்பத்தோடு வந்து என் கையில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எழுந்து நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து உன் அக்கா அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

மிச்சம் இருந்தது நகக்கண்ணும் உள்ளங்கை ரேகையும். ரேகை ஒவ்வொன்றும் மை தீட்டின மாதிரி பளிச்சென்று தெரிந்தது. ஆயுள் ரேகை மணிக்கட்டு வரைக்கும் ஓடியிருந்தது. எனக்கு இவ்வளவு ஆயுளா என்று பூரித்துப்போய் உன் அக்காவிடம் காட்டினேன். "அத்தனை நாளும் இந்தக் கையோடவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. வெள்ளிக்கிழமை மண்ணெண்ணெய் தேடிக் கிளம்பினேன். இந்தக் காலத்தில் அதை யார் விற்கிறார்கள்? கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு பழைய ஸ்டவ் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வருவதற்குள் மதியம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் மெஷின் இருந்த இடத்தில் பழைய போர்வையைப் போட்டு நன்றாக மூடி, சுற்றிக் கயிறும் கட்டியிருந்தாள். "குழந்தை வந்து போற வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தீங்கன்னா அப்புறம் நடக்கிறதே வேற" என்றாள். என் கை மேலும் அழுக்காகிவிடக்கூடாதே என்று அவளுக்கு எவ்வளவு அக்கறை, பார்! நெகிழ்ந்துபோனேன். மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். நகக்கண் கறுப்பு அசையவில்லை, கூடவே நாற்றமும் வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடவில்லை, மச்சான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேத்தி வந்து, பார்த்து, நான் தொடாமலே திரும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

சனிக்கிழமை விடிந்தது. குளியலறையில் வரிசையாக வாளிகள். "என்ன இது?" என்றேன். "ஊற வெச்சிருக்கேன். துவைங்க" என்றாள். "நானா?" என்றேன். "மெஷினைக் கழட்டினது நானா?" என்றாள். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதிலும் ஒரு சட்டம் போட்டாள். முதலில் தரை துடைக்கும் துணி, பிறகு என் பழைய பனியன்கள், பிறகு துண்டு, பிறகு படுக்கை விரிப்பு, எல்லாம் முடிந்தபிறகுதான் குழந்தைக்கென்று எடுத்துவைத்த வெள்ளைத் துணிகள். இந்த வரிசை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பெண்களுக்கு இப்படிச் சில பழக்கங்கள். கசக்கினேன், கும்மினேன், தேய்த்தேன், பிழிந்தேன், இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கடைசித் துணியை உதறிக் கொடியில் போடும்போது தற்செயலாக என் கையைப் பார்த்தேன். முதலில் வேறு யாருடைய கையோ என்று நினைத்தேன். வெள்ளை வெளேர் என்று, ஊறிச் சுருங்கி, ரேகை எல்லாம் சுத்தமாக, நகக்கண் ஒவ்வொன்றும் அன்று பிறந்த குழந்தையுடையது மாதிரி! துணி துவைத்தால் கிரீஸ் போகும் என்று இந்த உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவன் நான்தான், மச்சான். இதை நீ எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம், என் பெயரைச் சேர்த்துச் சொல். ஓடிப்போய் உன் அக்காவிடம் காட்டினேன். "அட, ஆமா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

இன்று காலை கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள், குழந்தை தோளில். "கையைக் காட்டுங்கப்பா." நீட்டினேன். செல்போன் வெளிச்சத்தைப் போட்டு ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, எங்க தியேட்டர்லகூட இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் பேத்தியை என்னிடம் நீட்டினாள். என்ன கனம்! ஒன்றும் கனமே இல்லை. அவள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை காலி இல்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது, கேள். வழியில் டயர் மாற்றியதால் மாப்பிள்ளையின் கை முழுக்கக் கறுப்பு. ஆசையாகக் கிட்டே வந்தவரை மகள், "நீங்க தள்ளி நில்லுங்க" என்று ஒரே அதட்டு. பாவம், பெற்ற அப்பன்! நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவசரமே படாமல், "கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. உள்ள கால்மிதி நாலு ஊறிக்கிட்டு இருக்கு, வழி நான் சொல்றேன்" என்றேன். ஒரு மணி நேரத்தில் அவர் கையும் வெளுத்தது. என் முறை இரண்டாவது தடவையாக நிரூபணம் ஆனது. இனி எந்த யந்திரத்துக்கும் நான் அஞ்சப்போவதில்லை. நாளை போர்வையை எடுத்துவிட்டு வாஷிங் மெஷினைச் சரிசெய்து முடிப்பேன். அடுத்த வாரம் கூடத்து ஃபேனைக் கழற்றுவதாக இருக்கிறேன், லேசாகச் சத்தம் வருகிறது.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்கு இரண்டும், கொஞ்சம் பரிதாபமும். எல்லாரும் சுத்தமான கைகளோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பேத்தியைத் தூக்கிய
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன். மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை. அது 'உர்ர்'னு நின்னதுக்கு முந்தின நாள் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து, மெஷினுக்குப் போற குழாயை மூடினது இவரேதான். வெள்ளிக்கிழமை இவர் மண்ணெண்ணெய்க்கு அலைஞ்ச நேரத்துல மெக்கானிக் வந்து எல்லாத்தையும் மாட்டி, குழாயைத் திறந்துவிட்டுப் போயிட்டார். போர்வைக்குள்ள மெஷின் ஜம்முனு இருக்கு. அன்னிக்கே எல்லாத் துணியையும் அதுல போட்டிருக்கலாம். ஆனா நம்ம அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் அம்மா பேசாம ஒரு வாளித் துணியை எடுத்து முன்னாடி வெப்பாங்களே, ஞாபகம் இருக்கா? அந்தக் கை எப்படி வெளுக்கும்! ராத்திரி இவர் சாப்பிடாம படுத்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இவர்கிட்ட எதையும் சொல்லிடாதே. நாளைக்குப் போர்வையை எடுத்துட்டு யார் மாட்டினான்னு கேட்டா, கழட்டினதை நான்தான் சும்மா பொருத்தி வெச்சேன்னு சொல்லிக்கிறேன். மறுபடியும் 'உர்ர்'னே சொல்லட்டும்னு குழாயை மூடி வெச்சிட்டேன். ஃபேனையும் கழட்டட்டும், ஜன்னல் திரையெல்லாம் துவைச்சு ரொம்ப நாளாச்சு.