பழவங்காடிப் புழு வைத்தியம்

1934-ஆம் ஆண்டு ஆடி மாதம், திருவனந்தபுரத்தில் பல் இருந்தவர்களில் பாதிப் பேர் பழவங்காடியில்தான் நின்றார்கள். திரவியம் என்ற வைத்தியர் அங்கே பல்லிலிருந்து புழு எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே காய்ச்சிய இரும்பை வைத்து, ஏதோ விதையைத் தூவி, தேங்காய்ச் சிரட்டையால் மூடுவார். சிரட்டைக் கண்ணில் செருகிய குழாய் வழியே புகை வாய்க்குள் போகும். சிரட்டையைத் தூக்கினால் தண்ணீரில் வெள்ளைப் புழுக்கள்! ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

வரிசையில் முதல் ஆள் சுந்தரராமன். பி.ஏ. படித்தவர், பள்ளிக்கூடத்தில் ரசாயனம் கற்பிப்பவர். அந்தப் படிப்பு அன்று வீட்டிலேயே தங்கிவிட்டது போலும்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய இதய வால்வு கெட்டிருந்தது. "ஈறெல்லாம் சீழ் வச்சிருக்கு சார். அது ரத்தத்துல கலந்து வால்வுல போய் உக்காந்தா உயிருக்கே ஆபத்து. சொத்தைப் பல்லை எடுக்கணும், வாயைச் சுத்தமா வச்சுக்கணும்" என்று டாக்டர் ஞானையன் எச்சரித்திருந்தார். பல் பிடுங்கும் குறடை நினைத்ததும் சுந்தரராமன் திரவியத்திடம் ஓடினார்.

"டாக்டர் சொன்னது நெசந்தான் சாமி. அவரு சீழுன்னு சொல்லுகாரு, நான் புழுன்னு சொல்லுகேன். ஈறுல பொறந்து நெஞ்சுக்கு ஏறும். நாப்பது நாள் பல்லு தேய்க்கப்படாது, தேய்ச்சா கூடு கலைஞ்சு புழு நெஞ்சுக்கு ஓடிரும்" என்றார் திரவியம்.

என்ன விஞ்ஞானம்! சுந்தரராமன் உருகிப்போனார். பன்னிரண்டு நாள் பல் தேய்க்காமல், தினமும் புகைக்கு வந்தார். நாற்றம் தாங்காமல் மாணவர்கள் ஒரு பெஞ்சு பின்னால் நகர்ந்தார்கள். தன்மேல் மரியாதை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் மனைவி சூடாமணியும் கூட வந்தாள். "ஏன்னா, தினம் புழு வரதே, ஈறுலே ரத்தம் நின்னுதோ? நேத்து ராத்திரி உடம்பு கொதிச்சுதே!" சட்டென்று வைத்தியர் முன்னால் உட்கார்ந்தாள். "எனக்கும் பாருங்கோ."

புகை போனது. சிரட்டை எழுந்தது. "ஏழு புழு! மேல் கடைவாய்ப் பல்லு ஓட்டையாக்கும்" என்றார் திரவியம்.

சூடாமணி வாய்க்குள் விரலை விட்டு, மேலும் கீழுமாக இரண்டு பல்செட்டையும் கழற்றிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். நாலு வருஷமாக அக்கிரகாரத்தில் ஒருத்திக்கும் தெரியாமல் அவள் காத்த ரகசியம் அது. குழிந்த வாயோடு அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுந்தரராமனுக்குக் கண் கலங்கியது.

"எந்தப் பல்லுலே ஓட்டை? இப்போ வாயே வேண்டாம். வெறும் கிண்ணத்துலே விதையைப் போடுங்கோ" என்று குழறினாள்.

திரவியம் விதைப் பொட்டலத்தை மடிக்கப் பார்த்தார். சுந்தரராமனே அதைப் பிடுங்கி, விதையைத் தூவி மூடித் திறந்தார். ஒன்பது புழு! ஒன்றை நசுக்கிப் பார்த்தார். வெடித்த விதையின் பருப்பு.

திரவியம் இரும்பைக்கூட எடுக்காமல் நழுவினார். சுந்தரராமன் நேரே டாக்டரிடம் புறப்பட்டார்.

கூட்டத்தில் ஒருவர் பின்னால் ஓடிவந்தார். "சாமி, அந்த வைத்தியர் எந்தப் பக்கம் போனாரு? பொய்ப் பல்லுலேருந்தே புழு எடுத்துட்டாரே! ஆளு சாதாரணமில்ல கேட்டோ!"

சுந்தரராமனுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வாயைத் திற என்றால் உடனே திறக்கிறோம். மூளையைத் திறக்க மட்டும் எந்த வைத்தியர் வர வேண்டும்?