சமுத்திரம் எடுத்த ரிவர்ஸ்

“ரிவர்ஸ்!” என்றார் இன்ஸ்பெக்டர்.

சமுத்திரத்துக்கு அந்த வார்த்தை புதிது. அதுவரைக்கும் பரீட்சை நன்றாகத்தான் போயிருந்தது. லாரியைக் கிளப்பச் சொன்னார். இறங்கி ஹேண்டிலைச் சுற்றிக் கிளப்பினான். போகச் சொன்னார், போனான். நிற்கச் சொன்னார், நின்றான். ரப்பர் ஊதலை அமுக்கச் சொன்னபோது ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷன் ஓட்டுக்கூரையில் உட்கார்ந்திருந்த புறா அத்தனையும் பறந்து போனது. இனிமேல் லைசென்ஸ்தான் என்று துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த வார்த்தை வந்து விழுந்தது.

“ஐயா?”

“ரிவர்ஸ், மேன்! ரிவர்ஸ்!” இன்ஸ்பெக்டர் ஆவுடையப்ப பிள்ளை கையிலிருந்த பிரம்பைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் காட்டினார். மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. லாரி இருக்கையிலும் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

சமுத்திரம் வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தான். லாரித் தட்டில் ஏட்டு தங்கச்சாமி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏட்டையா, ஐயா என்ன சொல்லுதாக?”

“பின்னால போகணுமாம்லே. அந்தா வேப்பமரம் தெரியுதுல்லா, அதுக்கிட்டக்கக் கொண்டுபோய் நிறுத்து.”

வேப்பமரம் பின்பக்கம் ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றது. சமுத்திரம் மரத்தைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான். லாரி எப்படிப் பின்னால் போகும்?

மாட்டு வண்டியாக இருந்தால் அவன் யோசித்திருக்க மாட்டான். செட்டியார்பட்டிச் சமுத்திரம் எந்தச் சந்துக்குள்ளும் பாரவண்டியைப் பின்னாலேயே நடத்திக் கொண்டுபோய் நிறுத்திவிடுவான் என்று ராஜபாளையம் பஞ்சுப் பேட்டை முழுக்கப் பேர். ஆனால் ஜெர்மன் சண்டை முடிந்ததும் பஞ்சு வியாபாரி பீர் முகமது, பட்டாளம் கழித்துப்போட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தார். இனிமேல் மாட்டு வண்டிக்குப் பாரம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். சமுத்திரம் மாடு இரண்டையும் விற்றுவிட்டு, நாற்பது வயதில் லாரி படிக்கச் சேர்ந்தான். சொல்லிக்கொடுத்தவன் டிரைவர் அகமது கபீர். சமுத்திரத்தைவிடப் பத்து வயது இளையவன்; பஸ்ராவில் பட்டாளத்துக்கு லாரி ஓட்டிவிட்டு வந்தவன். முதலாளி அடுத்த லாரி எடுத்து அதைக் கபீருக்குக் கொடுப்பதாகவும், சமுத்திரம் பாஸ் பண்ணினால் இந்த லாரி அவனுக்கு என்றும் பேச்சு.

இத்தனை மாதமாக அந்த லாரி ஒரு நாள்கூடப் பின்னால் போய் அவன் பார்த்ததில்லை. பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு இரண்டு வாசல். ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வருவார்கள். எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால் மூட்டை தூக்குகிறவர்கள் தள்ளிவிடுவார்கள். லாரி என்றால் அப்படித்தான் என்று அவன் நினைத்திருந்தான்.

“ஐயா, எஞ்சின் சூடேறிப் போச்சு. செத்த தண்ணி விட்டுக்கிடுதேன்” என்று இறங்கி, எதிரே இருந்த காப்பிக்கடைக்கு ஓடினான். அங்கேதான் கபீர் உட்கார்ந்திருந்தான். சமுத்திரம் வருவதைப் பார்த்ததும் காப்பித் தம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான்.

“தம்பி, லாரி பின்னால போகுமா?”

கபீர் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. “போகும் அண்ணாச்சி.”

“பெறவு ஏன் எனக்குச் சொல்லித்தரல?”

“லாரி போகும். நம்ம லாரி போகாது. ஏலத்துல எடுக்கும்போதே அதுல பின்னால போற கியர்ப் பல்லு ஒடஞ்சு கெடந்துச்சு. வெளிய தெரிஞ்சா போலீசுல லாரியப் பிடிச்சு வச்சிருவாக, மூச்சு விடாதன்னுட்டாரு மொதலாளி. நான் பட்டாளத்துல ஓட்டுனவன். எங்கிட்டப் போயி, பின்னால போகாத வண்டியக் குடுத்துட்டாகளேன்னு எனக்கும் வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு அண்ணாச்சி.”

“இப்ப நான் என்ன செய்ய?”

“அத எங்கிட்டக் கேட்டா?” என்று கபீர் மறுபடியும் காப்பிக்குள் போய்விட்டான்.

சமுத்திரம் தண்ணீர்ச் செம்போடு திரும்பினான். உண்மையைச் சொன்னால் முதலாளிக்கு லாரி போகும். சொல்லாவிட்டால் தனக்குப் பிழைப்புப் போகும். போதாததற்குப் பெண்டாட்டி குருவம்மாளின் பிறந்த வீடு இதே ஊரில், தெற்கு ரத வீதியில் இருந்தது. அவள் நேற்றே வந்து, ‘எங்க வீட்டுக்காரவுக நாளைக்கி லாரி டிரைவராயிருவாக’ என்று தெரு பூராவும் சொல்லியாகிவிட்டது. மைத்துனன் பொன்னுராஜ் மாலைகூட வாங்கி வைத்திருந்தான்.

தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஒரு வழி தோன்றியது. மரத்தடிக்குத்தானே போகவேண்டும்? ரத வீதி நான்கையும் சுற்றினால் மரம் தானாக எதிரே வந்துவிடாதா?

ஏறி உட்கார்ந்து, லாரியை நேர் முன்னால் விட்டான்.

இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கதவை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். லாரி மூலை திரும்பித் தெற்கு ரத வீதிக்குள் நுழைந்தது. குருவம்மாள் தெருவாசலில் நின்றிருந்தாள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள்.

“அந்தா வாராக!” என்று கூவினாள். பொன்னுராஜ் மாலையைத் தூக்கிக் காட்டினான். சமுத்திரம் சிரிக்கவேண்டும் என்றுதான் நினைத்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. ஊதலை ஒரு தடவை அமுக்கிவிட்டுத் தாண்டிப் போனான்.

மற்ற மூன்று வீதியையும் சுற்றிக்கொண்டு வந்தால், நினைத்தபடியே எதிரே வேப்பமரம். சமுத்திரம் பிரேக்கை மிதித்தான். பட்டாளத்து பிரேக், யோசித்துத்தான் பிடித்தது. மரம் நகர்ந்து பின்னால் போய், லாரி ஒரு லாரி நீளம் தள்ளி நின்றது. நாலு எட்டுப் பின்னால் போனால் போதும். அந்த நாலு எட்டுக்குத்தான் வழியில்லை.

இன்ஸ்பெக்டர் மடியிலிருந்த காகிதத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். பிறகு அவன் பக்கம் திரும்பி வாயெடுத்தார். “இந்தா பாரு, நீ...”

சமுத்திரத்துக்குக் காது இரண்டும் தீயாக எரிந்தது. “தப்பாப் போச்சு ஐயா. திட்டாதீக. இன்னொருக்காப் போறேன்” என்று சொல்லி, அவர் மேலே பேசுவதற்குள் லாரியைக் கிளப்பிவிட்டான்.

இரண்டாம் தடவை தெற்கு ரத வீதிக்குள் வந்தபோது குருவம்மாள் கூவவில்லை. பொன்னுராஜ் மட்டும், சென்ற தடவை மாலை போட முடியாமல் போன ஆத்திரத்தில், லாரி கிட்டே வந்ததும் ஓங்கி வீசினான். மாலை சமுத்திரத்தின் மூக்கை உரசிக்கொண்டு போய் இன்ஸ்பெக்டரின் தொப்பியில் விழுந்து, ஒரு காதைச் சுற்றித் தொங்கியது. அவர் அதை எடுக்கவில்லை. கதவிலிருந்து கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை போலிருந்தது.

‘கோவம் ஏறிப் போச்சு. மாலையக்கூட எடுக்கமாட்டேங்காரே’ என்று சமுத்திரம் குன்றிப்போனான்.

இந்தத் தடவை முன்கூட்டியே பிரேக்கை மிதிக்கவேண்டும் என்று மரம் கண்ணில் பட்டதுமே காலைத் தூக்கினான். மரத்தடி நிழலில் அதற்குள் ஒரு குதிரை வண்டி வந்து நின்றிருந்தது. ஊதலை அமுக்கினான். குதிரை மிரண்டு, வண்டிக்காரனையும் இழுத்துக்கொண்டு தெருவுக்குள் பாய்ந்தது. அதில் மோதாமல் ஒதுங்கி, மரத்தைத் தாண்டி, ஸ்டேஷனையும் தாண்டிப் போய்த்தான் நிறுத்த முடிந்தது. அங்கே ஒரு வைக்கோல் வண்டி சக்கரம் கழன்று, தெருவை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது.

முன்னால் வைக்கோல். பின்னால் வேப்பமரம். நடுவில் சமுத்திரம்.

அந்த நேரத்தில் பொன்னுராஜும் அவனுடைய சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். பின்னாலேயே தெற்கு ரத வீதியே வந்தது. “அத்தான், பாசாயிட்டியளா?”

சமுத்திரம் இறங்கிப் போய் அவன் காதோடு சொன்னான். “மாப்ள, எல்லாரும் லாரிக்கு முன்னால வந்து, பின்பக்கமாத் தள்ளுங்க.”

“எஞ்சின் ஓடுதே அத்தான்?”

“ஓடட்டும்.”

“ஓடுத வண்டிய எதுக்குத் தள்ளணும்?”

“சொன்னாக் கேளு மாப்ள. மானம் போகுது.”

தள்ளினார்கள். முன்பக்கத் தகரம் அடுப்பாகக் கொதித்தது. கையை வைத்தவன் எடுத்தான். எடுத்தவன் ஊதிக்கொண்டு மறுபடியும் வைத்தான். பொன்னுராஜின் புது வேட்டியில் எண்ணெய் அப்பிக்கொண்டது. சமுத்திரம் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான். தனக்குப் பெண் கொடுத்த வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் எதிரே குனிந்து முக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிமிரும்போதெல்லாம் அவன் குனிந்துகொண்டான்.

கூட்டத்திலிருந்து பக்கத்து வீட்டு மாரியாத்தாள் குரல் கேட்டது. “ஏட்டி குருவம்மா, ஒன் வீட்டுக்காரரு லாரி ஓட்டுதாருன்னியே! லாரி ஓட்ட இம்புட்டுப் பேரு வேணுமா? அதுக்கு ரெண்டு மாடு போதுமே!”

குருவம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சமுத்திரத்துக்கு விற்றுப்போட்ட இரண்டு மாடும் கண்முன்னால் வந்து நின்று, அசைபோட்டுக்கொண்டே தன்னைப் பார்ப்பது போலிருந்தது.

லாரி கடைசியாக வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. தள்ளியவர்கள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எஞ்சினை அணைத்தான் சமுத்திரம். எல்லாம் அமைதியானது. இன்ஸ்பெக்டர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், காதில் மாலை. திட்டினாலாவது தேவலை. அந்த மௌனம்தான் தாங்கவில்லை. சமுத்திரம் கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஐயா, என்னய மன்னிச்சிருங்க. ஒங்களைப் பெரிய ஏமாத்து ஏமாத்திப்புட்டேன்.”

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். “என்ன ஏமாத்து?”

“ரிவர்ஸ்னா லாரிய மூஞ்சி திருப்பாம அப்படியே பின்பக்கமா ஓட்டணும். எனக்கு அது தெரியாது. இந்த லாரியும் பின்னால போகாது. பல்லு ஒடஞ்சு கெடக்கு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, ஒங்களத் தெருத்தெருவாச் சுத்தவச்சேன். இப்ப மச்சினமாரத் தள்ளவிட்டு நாடகம் ஆடுதேன். லைசென்சு வேண்டாம் ஐயா. லாரிய மட்டும் பிடிச்சு வச்சிராதீக. மொதலாளி பாவம்.”

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார். இறங்கி, மாலையோடேயே ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தார். ஏட்டு தங்கச்சாமி பின்பக்கத்திலிருந்து குதித்து அவர் பின்னால் ஓடினார்.

சமுத்திரம் இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். கூட்டம் மெல்லக் கலைந்தது. பொன்னுராஜ் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே போனான். குருவம்மாள் மட்டும் கிட்டே வந்தாள்.

“ஐயாகிட்ட என்ன சொன்னீக?”

“உள்ளதச் சொன்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையுந்தான்.”

“அவிய என்ன சொன்னாக?”

“ஒண்ணும் சொல்லல. மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு. எறங்கிப் போயிட்டாக.”

குருவம்மாள் பெருமூச்சு விட்டாள். “இம்புட்டு நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தீக. இன்னும் செத்த நேரம் மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா?”

“ஏட்டி, கூலிக்காவது வண்டி ஓட்டிப் பொழைச்சுக்கிடலாம்” என்றான். அவள் தலைப்பால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள். அது அவனை இன்னும் கூசவைத்தது.

காப்பிக்கடைப் பக்கமிருந்து கபீர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வந்தான். “அண்ணாச்சி, எம் பேரச் சொன்னீகளா?”

“சொல்லல தம்பி.”

“அல்லா ஒங்களுக்குக் கொறை வைக்கமாட்டான்” என்று கபீர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்டேஷன் வாசலில் ஏட்டு தங்கச்சாமி தெரிந்தார். கையில் விலங்கு இருக்கிறதா என்று பார்த்தான் சமுத்திரம். இல்லை, ஒரு காகிதம்தான் இருந்தது. லாரியைப் பிடித்து வைக்கிற உத்தரவாகத்தான் இருக்கும். எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“இந்தாலே, பிடி.”

“என்னது ஏட்டையா?”

“லைசென்சு.”

சமுத்திரம் வாங்கவில்லை. “ஏட்டையா, நான் பாசாகலியே! பின்னால போகவே இல்லியே!”

ஏட்டு குருவம்மாளைப் பார்த்தார். கபீரைப் பார்த்தார். காகிதத்தை அவன் கைக்குள் திணித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“மொதச் சுத்துலயே ஒனக்குப் பாஸ் போட்டாச்சுலே, தெருவச் சுத்தி வாரதுக்குப் பேருதான் ரிவர்ஸ்னு ஐயா நெனச்சிருக்காக, வெளிய யாருகிட்டயும் சொல்லிறாதன்னு ஒன்னயக் கும்பிட்டுக் கேக்கச் சொன்னாக!”