412 பலகைகளுக்குப் பெரட்டு

குனோங் ராபாட்டில் சாய்ந்து நின்ற எதுவும் ரசமட்டத்தின் கண்ணுக்குத் தப்பியதில்லை. மனிதர்களும் சேர்த்தித்தான்.

அவர் தச்சர். குனோங் ராபாட், மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய எங்கள் ஊர். உண்மைப் பெயர் எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. மட்டம் பார்க்கும் ரசமட்டக் கருவியை வாழ்நாளில் கையால் தொடாதவர் என்பதால் அந்தப் பெயர். இடது கண்ணை மூடுவார், வலது கண்ணால் பார்ப்பார், தீர்ப்புச் சொல்வார். ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், முன்வரிசையிலிருந்து எழுந்து, "மாப்ள கால் இஞ்சி சாயுறாருலா, யாராச்சும் முட்டுக் குடுங்க" என்றார். எங்கள் ஊரில் இஞ்சி என்றால் அங்குலமும்தான். நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளை நிமிர்ந்தார். இன்றுவரை அதே விறைப்பில்தான் நடக்கிறார் என்று அவர் மனைவி சொல்கிறார். என் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைமீதும் ரசமட்டத்துக்குப் புகார் உண்டு. "வேல செஞ்சவன் சரியில்ல, கிராணியாரே."

கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, என் அப்பா. நான் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் நான்கு மாதம் கோப்புகளோடு இருந்தவன். ஆனாலும் பட்டம் பரம்பரையாக வந்துவிட்டது.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் போயின. மிஞ்சியது ஆயாக் கொட்டகை. பால்மரம் சீவப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பலகைக் கட்டடம் அது. அதைக் கழற்றி, குனோங் ராபாட்டில் ஒரு கோயிலுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் திரும்ப நிறுத்துவது என்று முன்னாள் தோட்டத்து ஆட்கள் பதினொரு பேர் குழு அமைத்தோம். கோயில் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். தைப்பூசத்துக்குள் ஒவ்வொரு பலகையும் அதனதன் பழைய இடத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நிலம் கார் நிறுத்த. சரி என்று கையெழுத்துப் போட்ட செயலாளர் நான். அன்றிலிருந்து தினம் மூன்று முறை இரத்த அழுத்தம் பார்த்தேன்.

முதல் விபத்துக்கு நான் பொறுப்பல்ல. கரையான் தின்ற இரண்டு தூண்களுக்கு மாற்று கேட்டு ரசமட்டம் பொருளாளருக்குப் போன் போட்டார். "ரெண்டு செங்கல் அனுப்புங்க, சீக்கிரம்." அவர் சொன்னது மலாய்க்காரர்கள் அந்தப் பெயரில் அழைக்கும் கெட்டி மரத்தை. பொருளாளர் பெரிய மனசுக்காரர். இரண்டே இரண்டு கல்லை எப்படி அனுப்புவது என்று கூச்சப்பட்டு இரண்டு லோரி அனுப்பிவிட்டார். மரக் கட்டடத்துக்கு! ரசமட்டம் ஒரு கல்லை எடுத்து, இடது கண்ணை மூடிப் பார்த்து, "இதுவும் கோணல்" என்றார்.

பிறகு ஆர்க்கிடெக்ட் ஷாமினி வந்தார். என் பேத்தி வயது. முக்காலியில் லேசர் கருவியை நிறுத்தி கழற்றுமுன் கொட்டகையை நான்கு மூலையிலிருந்தும் அளந்தார். கணினியில் ஒவ்வொரு பலகையும் தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒவ்வொன்றிலும் எண் போட்ட ஒட்டுத்தாள் ஒட்டினோம். மொத்தம் 412. மூன்று தடவை எண்ணினேன். ரசமட்டம் எங்கள் பின்னாலேயே வந்து, பலகைகளைத் தட்டித் தடவி, ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தில் இருந்தவர்களின் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தார்.

"இது செங்கம்மாக்கா. ஈரம் பட்டா மூஞ்சி ஊதிக்கும். இது தண்டல் மருதை. ஆளுங்கள மேய்க்கிறவன், ஆனா யாரு மேலயாச்சும் சாய்ஞ்சாத்தான் நிப்பான்."

"அண்ணே, அது நூத்திப் பதினேழு."

"நூத்திப் பதினேழுன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்குமா?"

பலகைகள் லோரியில் ஏறிய அன்று மழை. தார்ப்பாயை யாரும் சரியாகக் கட்டவில்லை. இறக்கியபோது லோரித் தட்டில் ஒரு வெள்ளைக் குவியல் கிடந்தது. உட்கார்ந்து பிரித்து எண்ணினேன். ஒட்டுத்தாள்கள் 412-ம் பத்திரமாக இருந்தன. பலகைகளில்தான் ஒன்றுகூட இல்லை.

"அளவு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு அங்கிள். ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பார்த்தா ஆறு மாசத்துல கண்டுபிடிச்சிரலாம்" என்றார் ஷாமினி. தைப்பூசத்துக்கு நாற்பத்தோரு நாள் இருந்தது.

மறுநாள் காலை ரசமட்டம் பலகைகளை நிலத்தில் வரிசையாகப் பரப்பிப் பெரட்டு எடுத்தார். வேலைக்குப் போகுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு.

"மேட்டு லயம், மூணாம் வீடு! முனியாண்டி, பொண்டாட்டி, கொழுந்தியா, எல்லாம் வாங்க! டேய் சின்ராசு, நீ கெழக்குப் பக்கம்லா, இங்க என்னடா பண்ற?"

தூக்குவதற்கு இருந்த இரண்டு வங்காளதேசத்து ஆட்கள், ஒவ்வொரு பெயருக்கும் "அடா!" என்று மலாயில் ஆஜர் சொல்லப் பழகிவிட்டார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் சாமியை விட்டுவிட்டு இங்கே நின்றார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் கட்டடம் எழுந்து நின்றது. ஷாமினி லேசரை வைத்துச் சரிபார்த்தார். "அங்கிள், நானூத்திப் பத்து சரி. ரெண்டு மட்டும் எடம் மாறியிருக்கு."

ரசமட்டத்திடம் ஓடினேன். "அண்ணே, ரெண்டு தப்பு!"

"தப்பு இல்ல. நாந்தான் மாத்தினேன்."

"கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணே! நெலம் போயிரும்!"

அவர் கதவோரத்தில் ஒரு பலகையைத் தட்டினார். அது கிறீச்சென்றது. "இது நீங்க. சும்மா கத்திக்கிட்டே கெடக்கும், ஆனா உளுத்துப் போகல. சன்னலோரமா தனியா நின்னுச்சு. சின்னதுல நீங்களும் அப்பிடித்தான லா? வெளிய நின்னு தூளிய எண்ணிட்டுப் போயிருவீங்க. ஒருநாளும் உள்ள வந்ததில்ல."

கிராணி வீட்டுப் பிள்ளை ஆயாக் கொட்டகைக்குள் போகக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். தூளிகள் இருபத்துமூன்று.

"பக்கத்துல இருக்கறது யாரு?" என்றேன்.

"நாந்தான். இந்த எடத்துல நின்ன மருதைய சன்னலுக்கு அனுப்பிட்டேன். அங்க சாய மூல இருக்கு. திருப்பி வைக்கணும்னா சொல்லுங்க கிராணியாரே, இப்பவே கழட்டிடுறேன்."

நான் என் பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

மறுநாள் கோயில் தலைவர் வந்தார். "எல்லாம் பழைய எடத்துலதான இருக்கு?" ஷாமினி திடீரென்று லேசர் கருவியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் படிவத்தில், பழைய இடத்தில் நிற்கும் பலகைகள் 412 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வாழ்நாளில் தெரிந்தே தப்பாக எழுதிய எண் அது ஒன்றுதான். அன்று இரத்த அழுத்தம் நூற்று இருபதுக்கு எண்பது.

ரசமட்டம் போன வருடம் காலமானார். செவ்வாய்தோறும் நான் கொட்டகைக்குள் போய்ப் பலகைகளை எண்ணுகிறேன். சரியாகத்தான் இருக்கின்றன. பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, இடது கண்ணை மூடுகிறேன். ஊரையே நிமிர்த்தியவர் தம் பலகையை மட்டும் சாய்வாக விட்டுப் போயிருக்கிறார். கால் இஞ்சி. என் பக்கமாக.