எல்லோருக்கும் ஒரே மாதேசன்

கணிப்பொறி நாம் நினைத்ததைச் செய்யாது, எழுதியதைத்தான் செய்யும். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் பாக்கியசாலிகள். நான் பாப்பாரப்பட்டிக் கல்யாண மண்டபத்தில் தெரிந்துகொண்டேன்.

பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களின் சந்திப்பு. வெப்சைட் செய்யும் பொறுப்பு என்னுடையது. (கணிப்பொறி வேலையைப் புதிதாகக் கற்றவளிடம் யாராவது கேட்டால் மாட்டேன் என்பாளா?)

ஆளுக்கொரு ஆப்ஜெக்ட், அதாவது விவரங்களைப் போட்டுவைக்கும் பெட்டி: பெயர், ஊர், வேலை. அதற்குள்ளேயே இன்னொரு ஆப்ஜெக்ட்: கணவர் அல்லது மனைவியின் பெயர், படம். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட ரத்னா மட்டும் வர மறுத்தாள்.

"எல்லாரும் அதையேதான் கேப்பாங்கடி."

"உன் கட்டத்தக் காலியா உட்டுடறேன். யாரும் கேக்காம நான் பாத்துக்கறேன்" என்று சத்தியம் செய்து வரவழைத்தேன்.

துணைக்கான ஆப்ஜெக்டை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உருவாக்கியிருக்க வேண்டும். நான் ஒன்றே ஒன்றை உருவாக்கி, எல்லோருக்குள்ளும் அதையே வைத்துவிட்டேன். ஒருவருடையதை மாற்றினால் எல்லோருடையதும் மாறிவிடும். என் விவரத்தைக் கடைசியாகச் சேர்த்தேன் (அடக்கமாம்!). என் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்தேன். அம்சமாக இருந்தது.

மண்டபத் திரையில் முதலில் சுமதி வந்தாள். கணவர்: மாதேசன். அதாவது என் கணவர், மாங்கன்றுகளுக்கு நடுவே சிரித்தபடி. அடுத்து கலா. கணவர்: மாதேசன். அடுத்து, லாரி வைத்திருக்கும் முனியப்பன், முறுக்கிய மீசையோடு. மனைவி: மாதேசன்.

மண்டபம் அதிர்ந்தது. அசல் மாதேசன் கடைசி வரிசையில் பாதி போண்டாவோடு உறைந்திருந்தார். பக்கங்கள் தானாக மாறுவதை எப்படி நிறுத்துவதென்று நான் தடுமாறுவதற்குள் ரத்னாவின் பக்கம் வந்துவிட்டது. கணவர்: மாதேசன்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

ரத்னா எழுந்தாள். திரையைப் பார்த்தாள். திரும்பி என் கணவரைப் பார்த்தாள்.

"இனிமே உங்கள அண்ணான்னு கூப்புட முடியாதுங்களே."

அவளே முதலில் சிரித்தாள். அன்று அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பிழையை மாலையே திருத்தினேன். பயனில்லை. தோழிகள் போன் செய்தால், "நம்ம வூட்டுக்காரரு சாப்ட்டாரா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். போன தீபாவளிக்கு முனியப்பன் அவருக்குச் சேலை அனுப்பினார். கேஸ் சிலிண்டரை மாற்றித் தரச் சொன்னால், என் கணவர் பேப்பரிலிருந்து தலை தூக்குவதில்லை.

"நான் எத்தன வூட்டுக்குத்தான் பாக்கறது, புள்ள? வரிசையில நில்லு."