அத்தானின் செடியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீ நலமா என்று கேட்பதற்கு முன்பே நான் நலமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறியதற்கு மன்னிக்கவும். என் மனைவி நலம். அவள் முன்னெப்போதையும்விட நலமாக இருப்பதும் என் புகார்களில் ஒன்று.

அத்தான் காலமானபின் நீ அனுப்பிவைத்த நிஷாகந்திச் செடியை உடனே வந்து எடுத்துக்கொண்டு போகவும். நானும் அவரும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருடம் ஆன பிறகு, போகிற நேரத்தில், "இதை உன் தம்பிகிட்ட குடு" என்று அவர் ஏன் சொன்னார் என்று அன்றே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இரவில் மட்டும் பூக்கிற கள்ளி. ஆறு வருடம் வளர்த்த மனிதருக்கு ஒரு பூவைக்கூடக் காட்டாத கள்ளி. நீயும் பாசமாக, அவர் கைப்பட எழுதிய வளர்ப்புக் குறிப்பைத் தொட்டியில் கட்டி அனுப்பினாய். வெளிச்சம் வேண்டும், வெயில் ஆகாது. மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். மொட்டு விட்டபின் தொட்டியை நகர்த்தினால் மொட்டு உதிரும். அந்தக் குறிப்பில் இரண்டு எழுத்துப் பிழைகள். இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்குப் போகிற தாளையாவது கவனமாக எழுதியிருக்கலாம். திருத்தி, அதே இடத்தில் கட்டிவிட்டேன்.

சன்னலோரம் வைத்தேன். எந்தச் செடியும் வெளிச்சத்தின் பக்கம்தானே சாயும்? இது அறைக்குள் சாய்ந்தது. அதாவது, என் நாற்காலியின் பக்கம். தட்டையான அந்த நீள இலைகளில் ஏதாவது ஒன்று, நான் படித்துக்கொண்டிருக்கும்போது வந்து தோளைத் தொடும். நாற்காலியை அலமாரிக்கு அருகே மாற்றினேன். ஒரே வாரத்தில் செடியும் அலமாரிப் பக்கம் சாய்ந்திருந்தது.

"நீ தொட்டியைத் திருப்பி வச்சியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. உங்க முகத்தைப் பாக்க அதுக்காவது ஆசை இருக்கே, விடுங்க."

பிறகு மொட்டுகள் வந்தன. இலையோரத்துப் பள்ளங்களிலிருந்து மொத்தம் எட்டு. எட்டும் கழுத்தை வளைத்து என்னையே பார்த்தன. முதல் மொட்டு உதிர்ந்த அன்று நான் என் கல்யாணப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் நான் இருக்கிறேன் என்பதற்கு என் வலது காது மட்டுமே சாட்சி. மற்றதெல்லாம் அத்தானின் தோள். "இந்த ஆளு வேணும்னேதான் முன்னாடி வந்து நின்னாரு" என்றேன். பின்னால் டொப்பென்று ஒரு சத்தம். இரண்டாவது, அவர் இரவல் வாங்கித் தேநீர்க் கோப்பையின் வட்டத்தோடு திருப்பித் தந்த என் அகராதியைப் பற்றிப் பேசியபோது. மூன்றாவதும் போனபின், படித்தவன் என்ற முறையில் சோதித்துப் பார்த்தேன். மேலதிகாரியைத் திட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. மாடிவீட்டுக்காரரை மனதாரத் திட்டினேன், அப்போதும் இல்லை. அத்தானின் குறட்டையைப் பற்றி அரை வாக்கியம்தான், டொப். இப்படியே ஏழு போயிற்று. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன், அக்கா. காம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மொட்டு வெதுவெதுப்பாக இருக்கும்.

மிச்சம் ஒன்று. அதனால் நான் வீட்டில் வாயே திறப்பதில்லை. "இந்தச் செடி இருபது வருஷம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று பெருமூச்சு விடுகிறாள் மனைவி. நீயோ தொலைபேசியில், "பூக்கறப்ப மட்டும் சொல்லுடா, ஓடி வந்துடறேன். அவருக்குத்தான் குடுத்து வைக்கல, அவருக்காக நானாவது பாக்கணும்" என்று அழுகிறாய். அந்த ஒன்றும் என் வாயால் உதிர்ந்தால் உன் முகத்தில் நான் எப்படி விழிப்பது? ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா. தங்க வேண்டியதில்லை. வழியில் குலுங்கி உதிர்ந்தால் அது சாலையின் குற்றம்.

சொல்லாமல் அடக்கிவைத்திருக்கும் கடைசிக் குறையை எழுதிவிடுகிறேன். எழுதினால் செடிக்குக் கேட்காது. நாங்கள் பேச்சை நிறுத்திய அன்று, கூடத்தில் அத்தனை உறவுக்காரர்கள் நடுவில், "இவன் படிச்ச படிப்பெல்லாம் அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவர் அதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

முழங்காலைப் பார்த்துக்கொள். மாத்திரையை நிறுத்தாதே. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மாமன் நல்ல வார்த்தையும் சொல்வான் என்பதை அவர்கள் நம்பாவிட்டாலும் சொல்லிவை.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மூன்று வாரம் ஆகிறது. சத்தமாகப் படித்துப் பார்க்காமல் எந்தத் தாளையும் நான் கைவிட்டதில்லை, தொழில் புத்தி. அன்று இரவும் அதே நாற்காலியில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன். கடைசிக் குறையைப் படித்து முடித்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தால் மொட்டின் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. "இரு, இரு" என்றேன், செடியிடம். என்ன சொல்வதென்று தெரியாமல், கடிதத்தில் இல்லாததைச் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் வந்தேன், அக்கா. நாலாவது மாடி வரைக்கும், ஆரஞ்சுப் பையோடு. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அப்படியே திரும்பிவிட்டேன். பழத்தையெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து நானே தின்றேன். "தப்பு என்னோடதுதான், அத்தான்" என்றேன்.

கழுத்து நிமிர்ந்தது. கண்ணெதிரே, மெல்ல மூச்சு இழுப்பதுபோல, வெள்ளை வெளேரென்று ஒரு கை அகலத்துக்கு விரிந்தது. உன்னை ஆறு முறை கூப்பிட்டேன்; தூங்கிவிட்டிருந்தாய். விடிவதற்குள் வாடிவிட்டது. மறுநாள் நீ கேட்டபோது, கை தவறிப் பட்டு மொட்டு உதிர்ந்துவிட்டது என்றேனே, அது பொய். பூவைச் சொன்னால் ஆரஞ்சையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

வண்டி வேண்டாம். செடியைத் தரமாட்டேன். பத்து நாள் தங்குகிற மாதிரி நீ மட்டும் வா. புதிதாக ஒரு மொட்டு வந்திருக்கிறது. தொட்டியைத் தொடவே இல்லை என்று என் மனைவி சத்தியம் செய்கிறாள், நானும் தொடவில்லை. இந்த மொட்டு என் நாற்காலியைப் பார்க்கவில்லை, அக்கா. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.