குளம்பில் முளைத்த பொன்மயிர்

சின்ன காஞ்சிபுரத்தில் அந்த வருஷம் மனிதனுக்குக் கால் வலித்தால் ஆஸ்பத்திரி. மாட்டுக்குக் கால் வலித்தால் ஆதிகேசவ சித்தர். மாடுகள் கொடுத்துவைத்தவை என்று ஊரே பேசிக்கொண்டது. மாடுகளை யாரும் கேட்கவில்லை.

விடிந்தால் போதும், சுற்றுவட்டாரத்து நொண்டி மாடுகளெல்லாம் அவர் பந்தலுக்கு வந்து சேரும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு கால்களையும் கட்டிக் கிடத்தவேண்டும். சித்தர் குளம்புப் பிளவில் விரலை விடுவார். கண்ணை மூடுவார். ஓரடி நீளத்துக்குப் பளபளவென்று ஒரு பொன்மயிரை உருவுவார்.

"மோகினி மயிர்! சாமி புறப்பாடு போன தெருவுல மாட்ட ஓட்டினியே, சும்மா விடுவாளா?"

கொளுத்திக் காட்டுவார். மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதில் பாதிப்பேர், பொழுதெல்லாம் சரிகையோடு புழங்கும் நெசவாளிகள். செருப்போடு கண்ணையும் வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள் போலும்.

குளம்பில் இரும்பு படக்கூடாது என்பது சித்தர் விதி. மூன்று தடவை மயிர் எடுத்தும் நொண்டல் தீராவிட்டால், மாட்டை அவருடைய கோசாலைக்குத் தானமாக விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மோகினி வீட்டுக்கே வந்துவிடுவாளாம். மாடுகள் போயின. கோசாலை எங்கே என்று கேட்பது பாவம் என்பதால் யாரும் கேட்கவில்லை.

தென்னேரிக் கண்ணாயிரத்தின் வலத்தை மாடு, அதாவது நுகத்தில் வலப்பக்கம் பூட்டுவது, இரண்டு தடவை மயிர் கொடுத்துவிட்டது. நொண்டல்தான் கூடியது. இருப்பதே ஒரு ஜோடி, இரண்டும் வெள்ளை. ஒன்று போனால் ஏரும் போச்சு, வண்டியும் போச்சு.

"லாடம் அடிச்ச மறுநாள்லேர்ந்துதான் நொண்டிக்கினு இருக்குது. லாடக்காரரு கிட்ட காட்டினா என்னாய்யா?" என்றாள் மனைவி அலமு.

"வாயக் கழுவுடி! மோகினி காதுல விழப்போவுது."

"விழட்டும். மூணாந் தடவைக்கு நானும் வரேன். நீ வாயத் தொறக்காம நின்னா போதும்."

மூன்றாம் தடவை. வெள்ளை மாடு கட்டுண்டு கிடந்தது. கண்ணாயிரத்துக்கு வேர்த்து ஊற்றியது. சித்தர் எப்போதும் மாட்டின் முகத்தைப் பார்ப்பதில்லை. சொந்தக்காரன் முகத்தைத்தான் பார்ப்பார். மயிரை உருவினார். உதட்டைப் பிதுக்கினார்.

"நரம்புல ஏறிட்டாபா. இனிமே இது எழுந்து நடக்காது. இப்படியே வுட்டுட்டுப் போங்க."

"ஒரு அடிகூட நடக்காதா சாமி?" என்றாள் அலமு.

"சூரியன் மேற்க மொளச்சாலும் நடக்காது."

அலமு கயிற்றை அவிழ்த்தாள். மாடு எழுந்தது; உடம்பை உதறியது; நேரே நடந்து போய்ச் சித்தருக்கு வந்திருந்த வாழைத்தாரில் வாயை வைத்தது.

"அற்புதம்! சாமி கை பட்டதும் எழுந்துடுச்சு!" கூட்டம் குப்புற விழுந்தது. சித்தரும் சமாளித்துக்கொண்டு, "இப்பத்தான் எறங்கினா," என்று ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கினார்.

"எவ எறங்கினா? இது இடத்தை மாடு சாமி. பொறந்ததுலேர்ந்து நொண்டினதே இல்ல. நொண்டினது அதோ வருது பாரு!" என்றாள் அலமு.

லாடக்காரர் துரைக்கண்ணு வலத்தை மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது மெதுவாக, ஆனால் காலை ஊன்றி நடந்தது. அவர் உள்ளங்கையில் வளைந்த ஆணி ஒன்று.

"சதையில ஏறியிருந்துச்சு. முந்தாநாள் புடுங்கினேன், சீழா கொட்டுச்சு. நான் அடிச்ச ஆணிதான், தப்பு என்னுது. கூப்பிட்டிருந்தா அன்னிக்கே புடுங்கியிருப்பேனேபா!"

நெசவாளி அப்பாதுரை கீழே கிடந்த பொன்மயிரை எடுத்து நகத்தால் சுரண்டினார். பொன் உரிந்தது. உள்ளே சிவப்புப் பட்டு.

"அடப்பாவி, சரிகைடா!"

 மாட்டைத் தானம் கொடுத்த ஒருவன் அந்தப் பாவமான கேள்வியைக் கேட்டான்: "எங்கய்யா உன் கோசாலை?"

சித்தர் ஓட்டம் பிடித்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் காலில் எந்தக் கோளாறும் இல்லை.

குளம்பில் ஏறிய ஆணியைப் பிடுங்க ஊருக்கு ஒரு துரைக்கண்ணு இருக்கிறார். மண்டையில் ஏறியதை அவரவர்தான் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.