தேநீர்க் குடுவைக்குப் பக்கத்தில் நாற்பத்து மூன்று

ஆஸ்பை, லிங்கன்ஷையர்
அக்டோபர் 9, புதன்

அன்புள்ள டார்கஸ் அக்காவுக்கு, உன் தம்பி ஈனாக் எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்தை மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் எழுத்துகள் கோட்டைக் கண்டதும் வேலியைக் கண்ட மாடு போல ஒதுங்கி ஒதுங்கிப் போகின்றன. திங்கட்கிழமை தொடங்கியது, இப்போதுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. நியூசிலாந்தில் நீயும் உன் ஆடுகளும் சுகமென்று நம்புகிறேன்.

யாரும் எழுதித் தரவில்லை அக்கா, நானேதான். எழுபத்து மூன்று வயதில், வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் ஓர் அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரி நோரா போய்ச் சேர்ந்த பிறகு வந்த உன் கடிதங்கள் ஐந்தும் பிரிக்காமல் ரொட்டிப் பெட்டிமேல் கிடந்தன. அவள் படித்துக் கேட்ட காதால் வேறு யார் படித்தும் கேட்க மனம் வரவில்லை. போன மாதம் ஐந்தையும் நானே படித்தேன். நாலு நாள் பிடித்தது. ஒவ்வொன்றின் கடைசியிலும் நீ ஒரே கேள்வி கேட்டிருக்கிறாய்: டப்பா கிடைத்ததா?

நீ கப்பலேறப் போன அன்று காலை பாஸ்க் பண்ணையின் பெரிய வயலில், ஆஷ் மரத்தடியில், அப்பாவின் புகையிலை டப்பாவைப் புதைத்தோமே, அதைத்தான் கேட்கிறாய். நான் அம்மாவின் தையல் விரலுறையைப் போட்டேன். நீ நாலாக மடித்த ஒரு தாளை மெழுகுத்துணியில் சுற்றிப் போட்டாய். "என்னக்கா எழுதியிருக்க?" என்றேன். "நீயே படிச்சுக்கடா. நீ படிக்கக் கத்துக்கிட்ட அன்னிக்கு நான் திரும்பி வர்றேன், ரெண்டு பேருமா தோண்டலாம்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அதை இப்போது நான் ஞாபகப்படுத்தவில்லை. இருபது வயதில் ஆயிரம் சொல்வோம்.

அந்த மரம் ஒரு புயலில் விழுந்தது, பாஸ்க்கின் அப்பா வேலியையும் பிடுங்கிப் போட்டார், அடையாளம் எல்லாம் போயிற்று. அதனால்தான் பத்து வருஷத்துக்கு முன்பு உலோகம் தேடும் கருவி ஒன்று வாங்கினேன். வயல் எனக்கு எல்லாம் கொடுத்தது, டப்பாவைத் தவிர. பித்தளைப் பொத்தான், துப்பாக்கி ஈயக்குண்டு, ஆட்டுக் கழுத்துமணி, ஒரு ரோமானியக் காசு. இங்கே பழைய பொருள் கிடைத்தால், எந்த இடத்தில் என்று குறித்து மாவட்டத்தில் இதைப் பார்க்கிற மிஸ் பெக் என்ற அதிகாரியிடம் காட்ட வேண்டும். அதற்காக என் கூட்டாளி கிளெம் அவனுடைய பழைய ஜி.பி.எஸ். கருவியைக் கொடுத்தான். பொத்தானை அழுத்தினால் நாம் நிற்கிற இடத்தை எண்களாகச் சொல்லும். எண்கள் எனக்கு அப்போதே தெரியும்.

ஆனால் எண்கள் பொடிசு, என் கண்ணாடியோ வயல் வாசலில் இருக்கிற கேட்டுக்குப் பக்கத்தில் தேநீர்க் குடுவையோடு பையில் கிடக்கும். வயலுக்குக் கொண்டுபோனால் குனியும்போது விழுந்து உடையும். ஆகவே ஒவ்வொரு முறையும் தோண்டி, குழியை மூடி, பொருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்து, உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, ஒரு வாய் தேநீர் குடித்து, நிதானமாகப் பொத்தானை அழுத்துவேன். பத்து வருஷம் இப்படித்தான்.

இந்த ஆகஸ்டில் மிஸ் பெக்கிடமிருந்து கடிதம் வந்தது. நானே படித்த முதல் அரசாங்கக் கடிதம். நாற்பத்து மூன்று பொருள்களும் ஒரு மேசை அகலத்துக்குள் கிடைத்திருப்பது அதிசயம், தோண்டிப் பார்க்க வருகிறோம் என்று இருந்தது. எனக்கும் அதிசயமாகத்தான் இருந்தது. பெருமையாக மடித்து வைத்துக்கொண்டேன். நாலு பேர் வந்தார்கள், கயிறு கட்டினார்கள், இரண்டு நாள் கேட்டருகே தோண்டினார்கள். கிளெம் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "ஏன்யா ஈனாக், ரோமாக்காரன், ராஜா காலத்துச் சிப்பாய், ஆட்டுக்காரன் எல்லாருமா உன் குடுவையைச் சுத்தித்தான் குடியிருந்தானுங்க?" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஸ் பெக்கும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தர்ல்பி ஐயா, பொத்தானை எங்க நின்னு அழுத்துனீங்க?"

"நிக்கலைம்மா. உக்காந்துதான்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. மறுநாள் என்னோடு வயல் முழுக்க நடந்தாள். எழுதத் தெரியாதவன் எதையும் மறப்பதில்லை அக்கா. பொத்தான் இங்கே, மணி அங்கே என்று நாற்பத்து மூன்றையும் காட்டினேன். அவள் ஒவ்வொரு இடத்திலும் நின்று அழுத்தினாள். "உங்களுக்கு இந்தக் கருவியே தேவையில்ல ஐயா" என்றாள். ஒரே ஒரு இடம்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது, அதையும் அவர்கள் முந்தின நாளே கண்டுபிடித்திருந்தார்கள். நான் உட்காரும் இடத்துக்கு அரை முழம் கீழே, துருப்பிடித்த புகையிலை டப்பா. மரம் விழுந்த சந்தில்தான் பிறகு கேட் வைத்திருக்கிறார்கள். பத்து வருஷம் அதன் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். பக்கத்திலேயே கருவி கிடக்கும், பேட்டரி வீணாகக் கூடாதென்று அணைத்து வைத்திருப்பேன்.

"எந்தக் காலத்துச் சாமான்?" என்று கிளெம் கேட்டான். "எங்க அக்கா காலம்" என்றேன். மிஸ் பெக் அதைப் பதிவு செய்யாமல் என் கையில் கொடுத்துவிட்டாள்.

டப்பாவை நான் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தபாலில் உனக்கு அனுப்பிவிடுகிறேன். இதற்காக நீ எழுபத்தேழு வயதில், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் விமானத்தில் உட்கார்ந்து வரவேண்டாம். நான் ஒன்றும் ஏங்கிக் கிடக்கவில்லை. சமையலறையில் இரண்டாவது நாற்காலி சும்மாதான் கிடக்கிறது, அதில் என் கோட்டைப் போட்டு வைத்திருக்கிறேன், அதற்கும் ஒரு இடம் வேண்டுமே. உன் பிள்ளைகளுக்கு என் அன்பு. கடவுள் உன் மந்தைக்கு நல்ல புல்லும் உனக்கு நல்ல தூக்கமும் தரட்டும்.

உன் தம்பி,
ஈனாக் தர்ல்பி

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை ஆயிற்று. தபால் நிலையம் வரை போனேன். வரிசையில் என் முறை வந்தது, டப்பாவோடு திரும்பி வந்துவிட்டேன். நேரே பாஸ்க்கின் வயலுக்குப் போய், அவனிடம் கேட்டுக்கொண்டு, மறுபடி புதைத்துவிட்டேன். இந்த முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழிமேலேயே நின்று அழுத்தினேன்: டி.எஃப். 21347 68852. இரண்டு தரம் சரிபார்த்தேன். தாளில் என்ன இருக்கிறதென்று உன் எதிரே நின்று உரக்கப் படித்துக் காட்டுகிறேன், நீ தப்புப் பிடி. நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்துவிட்டேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எவ்வளவு கனமான கம்பளிச் சட்டை கொண்டுவர வேண்டுமென்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.